எங்க வீட்டுச் சுவரில் ஓடிய படங்கள்

— இதையெல்லாம் கல்வெட்டுல போடக் கூடாது, பொண்ணே. ‘புயலில் திரை போனதால் முதலாளி பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் படம் ஓட்டினார்.’ என் மானம் என்னாகும்?

— கொட்டகை வரலாறு எழுதித் தரச் சொன்னது நீங்கதானே முதலாளி? சுவர் எங்களோடது. படம் உங்களோடது. இதுல எது பொய்?

— பொய்னு யாரு சொன்னா? விஷயம் அதில்ல. ஆரம்பம் பிரமாதம். எங்கப்பா கடலோரத்துல கொட்டகை போட்டது, பாட்டு, ஆட்டம், கத்தி முழுங்குறவன். ‘சினிமா வந்ததும் கத்தி முழுங்குறவர் டிக்கெட் கிழித்தார்.’ அடடா! அத்தோட நிறுத்திக்கயேன்.

— நிறுத்தினா நாங்க எங்க வர்றது? நான் பொறந்ததுலேருந்து அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்ததில்ல. திறந்தா கதாநாயகன் வாய்ல ஓட்டை.

— ஒருநாள் உங்கம்மா திறந்து பாத்திரம் கழுவின தண்ணியை வீசினா பாரு! வில்லன் மூஞ்சிலேருந்து கொட்டுச்சு. என்னா விசில்!

— இளிக்காதீங்க. எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை கிளம்புறேன். அதுக்குள்ள இதைச் செதுக்குங்க.

— ஐயையோ, நீ போயிட்டா சவுண்டுக்கு நான் எங்க போவேன்?

— என்ன சவுண்டு? நேரா சொல்லுங்க.

— உப்புக் காத்துல ஸ்பீக்கர் செத்து ரெண்டு வருஷமாச்சும்மா. படம் ஊமை. வசனம் உங்க வீட்டுலேருந்துதான் வருது.

— எங்க வீட்டுலேருந்தா?

— தினம் சாயங்காலம் நீயும் உங்கம்மாவும் சண்டை போடுறீங்கல்ல, அதான். ‘உன்னைப் படிக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்’னு கதாநாயகன் வாயசைச்சப்போ முன்வரிசையில ஒரு போலீஸ்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

— நாங்க கத்துற கத்தல்ல படச் சத்தம் கேட்கலன்னு இருந்தேன். கைதட்டு மட்டும் கேட்கும். படத்துக்குன்னு நெனச்சேன்... அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியுமாவா? காலையில வந்து ‘இன்னைக்கு என்ன படம்’னு கேட்டுட்டுத்தான் போவா. சண்டைப் படம்னா பாத்திரத்தை உருட்டுவா. குடும்பப் படம்னா உன் கல்யாணப் பேச்சை எடுப்பா.

— அடப்பாவிகளா! நான் நிஜமாத்தானே கத்தினேன்! தொண்டை கட்டி, கஷாயம் குடிச்சு...

— அதனாலதான் உனக்கு ரசிகர் கூட்டம் அதிகம். உங்கம்மாவுக்கே அதுல கொஞ்சம் பொறாமை.

— வாயை மூடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்து சாயங்காலம் அவ கத்தல. என் பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, ‘நீ போயிட்டா நான் யார்கூடடி சண்டை போடுவேன்’னு அழுதா. விடிய விடிய எனக்குத் தூக்கமில்ல. வேலையே வேண்டாம்னு எழுதிப் போட்டுடலாமான்னு வந்துடுச்சு. அதுவும் உங்க வசனம்தான்னா சொல்லிடுங்க. திரும்பிப் பாக்காம போயிடுறேன்.

— நேத்தா?

— நேத்துதான். நேத்து என்ன படம்?

— நேத்து காட்சியே இல்லம்மா. காலையிலயே அவகிட்ட சொல்லிட்டேனே.