வெள்ளையாக விட்ட இடம்

பழைய கடைவீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு முதல் எதிரி பல்லிதான். மழை என்றால் காத்திருக்கலாம், மோட்டார்சைக்கிள் என்றால் ஜன்னலைச் சாத்தலாம். பல்லி மட்டும் சொல்பேச்சு கேட்காது. பினாங்கு கார்னர்வன் தெருவில் என் மாடியறையை விட்டு அதுகளை விரட்டி முடிக்கப் பல மாதமாயிற்று. சிரியுங்கள், இன்ஸ்பெக்டர் அதிரா. நான் பொறுமைசாலி என்பது உங்களுக்கு விளங்கவேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஜாஹிர். கல்யாண மண்டபப் பாட்டு, சோப்பு விளம்பரம், தேர்தல் கோஷம் என்று வந்ததையெல்லாம் பதிவுசெய்து பிழைத்தவன். நல்ல காதை வைத்துக்கொண்டு குப்பையைக் கேட்டே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். அப்போதுதான் தன் இசையைப் பதிவுசெய்யச் சிந்துஜா வந்தாள்.

தனிப் பியானோவுக்கு அவளே இயற்றிய இசை அது. சீன மை ஓவியங்களைப் பார்த்து எழுதிய சின்னச் சின்னத் துண்டுகள்: மூங்கிலுக்கு ஒன்று, மூடுபனி மலைக்கு ஒன்று, கடைசியாக ஆளில்லாத படகுக்கு ஒன்று. அந்தப் படகு ஓவியத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தாளின் மூலையில் சிறு படகு; மீதியெல்லாம் வெறுமை. தண்ணீர் எங்கே என்று கேட்டேன்.

"அந்த வெள்ளைதான் தண்ணி, ஜாஹிர் அண்ணே. வெள்ளையக் கீற ஏலாது. விட்டுவைக்கத்தான் ஏலும்."

யாழ்ப்பாணத்து வம்சம்; வரைவதைக் கீறுவது என்பாள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சு அவள் நாக்கை விட்டுப் போகவில்லை.

மை ஓவியத்தில் இழுத்த கோட்டைத் திருத்த முடியாதாம். அதனால் அவளும் ஒரு விதி வைத்துக்கொண்டாள். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டுவரை நிறுத்தாமல் வாசிப்பாள், ஒட்டு வேலை கூடாது, கடைசி சுரம் விழும்வரை நான் கதவைத் திறக்கக் கூடாது. படகுத் துண்டின் முடிவில் ஒரு நீண்ட மௌனம், அதற்குப் பிறகு ஒரே ஒரு தாழ்ந்த சுரம். உண்மையைச் சொன்னால், நான் அந்த மௌனத்துக்காகத்தான் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

அவளுக்கு ஆஸ்துமா. தெரியாது என்று நான் சாதிக்கப்போவதில்லை. முதல் நாளே அவள் தாயார் கமலாம்பிகை மாடியேறி வந்து சொன்னார்.

"தம்பி, இவளுக்கு இழுப்பு வரும். அந்த மருந்துப் பம்ப் எப்பவும் கைக்கெட்டின தூரத்தில இருக்கவேணும்."

"பயப்படாதீங்க ஆன்ட்டி, நான் பாத்துக்கிறேன்லா," என்றேன்.

பிரச்சினை பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பல்லி இல்லை, தெருச் சத்தம் இல்லை, ஏர்கோனையும் நிறுத்தியாயிற்று. ஆனால் மௌனம் தொடங்கியதும் அவள் மூச்சு வந்து நிற்கும். நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய இழுப்பு. நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். மூச்சை அடக்கி வாசித்தாள். அடக்கிய மூச்சு இன்னும் பலமாக வந்தது. பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில் சுமத்ராவிலிருந்து காட்டுத்தீப் புகை வந்தது; ஜெரெபு என்போம். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், சுற்றுப்பயணிகள் வரவில்லை, தெரு வெறிச்சோடிப் போனது. ஊரே புகையைத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் நன்றி சொன்னேன்.

"ஜெரெபு முடியட்டும் அண்ணே. நெஞ்சு இறுக்குது," என்றாள் சிந்துஜா.

"முடிஞ்சா டூரிஸ்ட் பஸ் எல்லாம் வந்துரும் தங்கச்சி. இந்த அமைதி இனிமே எப்ப கெடைக்கும்? வெள்ளிக்கிழம வா. ஜும்மா நேரத்துல நம்மாளுங்க கடையெல்லாம் சாத்திருவாங்க. தெருவுல ஈ, காக்கா இருக்காதுலா."

வந்தாள். அந்த ஜும்மாவுக்கு நானும் போகவில்லை. அது இன்னும் மனசை உறுத்துகிறது.

காலையில் ஒருமுறை முழுவதும் வாசித்தாள். எல்லாம் அருமை, கடைசி மௌனத்தில் மட்டும் இழுப்பு. அதோடு, பியானோவின் மேல் அவள் வைத்திருந்த இன்ஹேலர் தாழ்ந்த சுரங்களுக்கு நடுங்கிக் கடகடத்தது. எந்தப் பொருளை வைத்தாலும் அப்படித்தான். தண்ணீர்க் கோப்பை, சாவிக் கொத்து, இன்ஹேலர் எல்லாவற்றையும் எடுத்து வந்து, பதிவறைக் கண்ணாடிக்கு வெளியே இருக்கும் என் மேசையில் வைத்தேன்.

"அண்ணே, பம்ப்?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு. கை காட்டு, ஒடனே குடுத்துடுறேன்."

தலையாட்டினாள். என்னை நம்பினாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அறைக் கதவு காற்றுக்குக் கிரீச்சிடும் என்பதால் வெளிப்பக்கக் கொண்டியை மாட்டினேன். எல்லாப் பதிவுக்கும் அது வழக்கம்தான்.

இரண்டாம் முறை அவள் வாசித்ததை நீங்கள் கேட்கவேண்டும். மலை வந்தது, படகு வந்தது. கைகளை மடியில் வைத்தாள். மௌனம் தொடங்கியது. உடனே இழுப்பும் தொடங்கியது; இந்த முறை நிற்கவில்லை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. எழுந்து கண்ணாடியருகே வந்து மேசையைச் சுட்டிக் காட்டினாள்.

நான் உதட்டின் மேல் விரலை வைத்தேன்.

கதவையும் தள்ளிப் பார்த்தாள், ஆனால் மெதுவாக. அந்த நிலையிலும் பதிவைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். தட்டுவதற்குத் தெம்பில்லாமல் போயிருக்கும் என்கிறார் உங்கள் டாக்டர். அவரவர் பார்வை. பிறகு தரையில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள். இழுப்பு தேய்ந்து தேய்ந்து நின்றது. அதற்குப் பிறகு என் காதில் விழுந்தது, ஆயுள் முழுக்க நான் கேட்டிராத மௌனம். அழுதேன்.

அவள் சாகிறாள் என்று தெரியுமா என்று நேற்று சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள். தெரியும். இன்ஹேலர் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கொண்டியைத் தூக்கினால் சத்தம் பதிவில் விழும். தூக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

ஆம்புலன்ஸை ஏன் அவ்வளவு தாமதமாக அழைத்தேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கடைசி சுரம் இல்லாமல் அந்தத் துண்டு முடியாது. காலைப் பதிவிலிருந்து அதை வெட்டியெடுத்து ஒட்டினேன். ஒட்டு வேலை கூடாது என்பது அவள் விதி, மீறியது தப்புத்தான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

இன்று காலை உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் கமலாம்பிகை ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "பம்ப் எங்க தம்பி இருந்தது?" என்று மட்டும் கேட்டார். "பக்கத்துலதான் ஆன்ட்டி," என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

ஒவ்வொரு பதிவும் முடிந்தவுடன் சிந்துஜா என் முகத்தைப் பார்த்து, "இன்னொருக்கா வாசிக்கட்டா அண்ணே?" என்று கேட்பாள். எதிலும் திருப்திப்படாத பெண். அன்று ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கேட்கவே இல்லை. அவளுக்கும் அது பிடித்துப்போயிருக்க வேண்டும்.