ஒன்பதாவது கிலோமீட்டர்

ஸ்கேனர் காரோடு பேசவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள், சார். பாதி நேரம் கோளாறு அதில்தான் இருக்கும். அடுத்து, காரில் சாவி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய பெரிய மெக்கானிக்குகளே இதில் கோட்டை விடுவார்கள்.

அன்று காலை கேபிளும் சரி, சாவியும் சரி. அதனால்தான் ஸ்கேனரின் செட்டிங்ஸுக்குள் போனேன். ரிப்போர்ட்டின் தலைப்பில் அச்சாகும் பட்டறைப் பெயர் அங்கேதான் இருக்கும். கருவி வாங்கிய அன்று நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்த பெயர். அதைக் காணோம். வேறொரு பட்டறையின் பெயர், மலைக்கு அந்தப் பக்கத்து விலாசம். கீழே உரிமையாளர்கள் என்று இரண்டு பேர்: என் தங்கை வீட்டுக்காரர், அப்புறம் என் தங்கை.

பட்டறையில் வேலை என் கை, பேச்சு மாப்பிள்ளையின் வாய். அப்படித்தான் பதினோரு வருடம் ஓட்டினோம். தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஸ்கேனரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். அது சரியாகிவிட்டது.

மத்தியானம் மாப்பிள்ளை காரோடு வந்தார்.

"மச்சான், பிரேக் வார்னிங் லைட்டு எரியுது. என்னன்னு பாருங்களேன். உங்க தங்கச்சிய கூட்டிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போகணும்."

"அங்க என்ன வேல?"

"சும்மாதான், ஒரு சுத்து."

அப்போதாவது மாப்பிள்ளை வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டேன் அல்லவா, சார்?

ஸ்கேனரை மாட்டினேன். பிரேக்கில் அழுத்தம் குறைகிறது என்று எரர் காட்டியது. பெடலை மிதித்துப் பிடித்தேன், மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அந்தக் காரை நகர்த்தவே கூடாது. எரரை அழித்தேன். ஒரு பொத்தான்தான். விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் விளக்கு மறுபடி எரியும். அதற்குள் மலை இறக்கம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"சென்சார்ல அழுக்கு, மாப்ள. சரியாயிடுச்சு."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவல," என்று சிரித்தார்.

எரரை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைக் காரே குறித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஸ்டேஷன் ஆள் ஸ்கேனரை மாட்டி வாசித்தது ஒன்பது. சரிதான், இறக்கத்தில் இரண்டாவது வளைவு அங்கேதான். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொன்னாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாளாம்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்று பட்டறை வாசலில் அவள் முன் சீட்டில் ஏறியதும் நான் ஓடிப்போய், "இன்னைக்காவது பெல்ட்ட போட்டுக்கம்மா," என்று சொல்லி, என் கையாலேயே இழுத்து மாட்டிவிட்டேன். பாசம் இல்லாத அண்ணன் அப்படிச் செய்வானா, சார்?