பிரஷர் பார்க்க வந்த நர்ஸம்மா

காலை நேரம், கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில். எதிர் சீட்டில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“எங்க ஊட்டுக்காரரு ஒரு நர்ஸம்மாவுக்குப் பயந்துகினு வைக்கப்போர்ல ஒளிஞ்சாரு.”

“இன்னாக்கா சொல்றே? ஊசிக்கா?”

“ஊசி இல்ல, பிரஷர் பாக்கத்தான். அப்பல்லாம் எங்க ஊருக்கு பஸ் கிடையாது. அந்தம்மா மாசத்துக்கு ரெண்டு தபா மொபெட்ல வருவாங்க. எல்லாரும் காட்டிக்குவோம். இவரு மட்டும், ‘எனக்கு இன்னா நோவு’ன்னு ஓடிடுவாரு.”

“அப்புறம்?”

“அன்னிக்கு இவரு வைக்கப்போர்ல பூந்துகினாரு; அந்தம்மா கிளம்பல. வாசல்லயே குந்திகினு என்கூட பேசிகினு இருந்தாங்க. மதியம் பசி தாங்காம இவரே வந்தாரு. பாத்தா பிரஷர் எக்கச்சக்கம். மொபெட்லயே உக்கார வெச்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இட்டுகினு போனாங்க. ‘இப்டியே உட்டிருந்தா கைகால் உழுந்திருக்கும்’னு டாக்டர் சொன்னாரு.”

“இப்ப அந்தம்மா எங்க?”

“ரிட்டயர் ஆயி, வேப்பம்பட்டுல மக ஊட்டுல இருக்காங்க. இப்ப மாத்திரை ஊடு தேடி வருது. கொண்டாற பொண்ணும் நல்ல பொண்ணுதான்.”

பொன்னேரியில் கூட்டம் ஏறியது. மூத்தவர் காலை ஒடுக்கிக்கொண்டார்.

“அந்தம்மா ரிட்டயர் ஆன அன்னிக்கு இவருதான் அந்த மொபெட்ட தள்ளிகினு மெயின் ரோடு வரைக்கும் கூட நடந்தாரு. கிளம்பசொல்லோ, ‘மாத்திரைய நிறுத்தாதப்பா’ன்னாங்களாம். ஊட்டுக்கு வந்து, சட்டையக் கூட கழட்டாம ரொம்ப நேரம் குந்திகினு இருந்தாரு.”