ஒரே ரயிலில் வருகிறவர்கள்

வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில், ஆபீஸ் விட்டு வரும் இரண்டு தமிழ்க்காரர்கள். கண்ணாடி போட்டவர் திடீரென்று சொன்னார்:

"ரோமாபுரியில கூட நேர்ல வந்துதான்டா குத்தினாங்க. நீ வாட்ஸ்அப் ஓட்டுல குத்திட்ட."

"தமிழ்ச் சங்க எலெக்‌ஷனுக்குப் போய் ரோமாபுரியா?"

"பொண்ணுக்கு ஸ்கூல்ல அந்தப் பாடம்தான் நடக்குது. ராஜாவாகப் பாக்கறான்னு சொல்லி, கூட இருந்தவங்களே அந்த ஊர்த் தலைவரைக் கத்தியால குத்தி முடிச்சிட்டாங்களாம்."

"நீயும் அப்படித்தானே? வருஷக்கணக்கா பிரெசிடென்ட் பதவியை விடல. பொங்கல் மேடையில மைக்கையும் விடல."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இந்த ஊருக்கு வந்தப்ப என் வீட்டு பேஸ்மென்ட்லதானே இருந்த? இப்ப நீ பிரெசிடென்ட்."

"சொன்னா கேட்டிருப்பியா?"

கண்ணாடிக்காரர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தாளுக்கு ஒரு சௌகரியம். செத்துட்டாரு. குத்தினவன்கூட தினமும் ஒரே ட்ரெயின்ல வரவேண்டியதில்ல."



கண்ணாடிக்காரர் எழுந்து பின்னால் வந்தார். என் பக்கத்துச் சீட்டைப் பார்த்தபடி நின்றார். நான் அதிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.