பேர் போடாத பார்சல்

— வேண்டாம் அண்ணி, போனைக் கீழ வைங்க. அந்த க்யூஆர் கோடு மேல காட்டாதீங்க.

— ஏம்மா, அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாரு. "உங்களை நேசிக்கும் ஒருவர் அனுப்பியது. யாரென்று அறிய ஸ்கேன் செய்யுங்கள்." கம்பளிச் சால்வைம்மா. என்னை நேசிக்கறவங்க என்ன, வரிசையிலயா நிக்கறாங்க?

— நான் ஒருத்தி இருக்கேன். நான் அனுப்பல.

— நீ எங்க அனுப்புவே? கையோட கொண்டுவந்து கொடுத்துட்டு, விலையையும் சொல்லிட்டுப் போவே.

— சரி, கிண்டல் பண்ணுங்க. எங்க ஆபீஸ்ல கணக்கு பாக்கற அக்காவுக்கும் இப்படித்தான் ஒரு டப்பா வந்துச்சு. ஸ்கேன் பண்ணினதும் அச்சு அசலா பேங்க் பக்கம் மாதிரியே திறந்துச்சாம். பாஸ்வேர்டு, போனுக்கு வந்த ஓடிபி, எல்லாம் கேட்டுச்சு. இவங்களும் கொடுத்தாங்க. சேத்து வெச்சது மொத்தமும் வழிச்சுத் துடைச்ச மாதிரி போயிடுச்சு.

— என்கிட்ட வழிக்க என்ன இருக்கு?

— அண்ணனோட பென்ஷன் வருதே.

— அது கிடக்கட்டும். இது அவன் அனுப்பினதா இருந்தா?

— யாரு, உங்க பையனா?

— வேற யாரு? அவங்க அப்பா தவறினப்ப லேட்டா வந்தான்னு, நாலு பேர் முன்னாடி வாசல்லயே நிக்க வெச்சுப் பேசிட்டேன். அன்னிக்குப் போனவன்தான். நேர்ல பேச முடியாம இப்படி அனுப்பியிருப்பான். தினமும் கடவுள்கிட்ட இதைத்தானே கேக்கறேன்.

— கடவுள் கொடுக்கறதா இருந்தா பாஸ்வேர்டு கேக்க மாட்டார் அண்ணி. அவன்தான் அனுப்பினானான்னு தெரியணும், அவ்வளவுதானே? அவன் நம்பர் உங்ககிட்டயே இருக்கு. அவனையே கேளுங்க.

— எடுக்கலைன்னா?

— எடுக்கலைன்னா இன்னிக்கு நான் உங்களோடயே படுத்துக்கறேன். கொடுங்க இப்படி, நான் போட்டுத் தரேன். ஸ்பீக்கர்ல வெக்கறேன்.

— மணி அடிக்குது. வேண்டாம்மா, வெச்சுடு.

— பேசாம இருங்க அண்ணி.

— ஹலோ... அம்மா?

— நல்லா இருக்கியாப்பா? ஒண்ணுமில்ல, இங்க ஒரு சால்வை வந்திருக்கு. பேர் போடல. நீ அனுப்பினியான்னு கேக்கத்தான்...

— இல்லம்மா, நான் அனுப்பல. அதுகூட ஒரு அட்டை இருக்கும். அதை ஸ்கேன் பண்ணிடாதே.

— பண்ணலப்பா, உங்க அத்தை விடல. ஆமா, அட்டை இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்கும் போன வாரம் ஒண்ணு வந்துச்சும்மா. அனுப்பினது நீதான்னு நெனச்சு, கேட்டதையெல்லாம் கொடுத்துட்டேன்.