போத்தலில் போகும் அட்டைகள்

அக்கரப்பத்தனையிலிருந்து அட்டனுக்குப் போகும் பஸ். வெளியே மழை. முன் சீட்டில் இருந்த அம்மா, மடியிலிருந்த ஜேம் போத்தலை இறுக்கிப் பிடித்தபடி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க தங்கச்சி. உள்ள ரத்தம் குடிக்கிற அட்டை இருக்கு.”

“அட்டையா! எதுக்குக்கா?”

“மகளுக்கு. கெம்பஸ்ல உயிரியல் படிக்கிறா. இதுக்காகவே இன்னைக்கு அட்டை ஏறாம இருக்கக் கால்ல பூசுற சவுக்காரத்தப் பூசாமத் தேயிலக் கொழுந்தெடுக்கப் போனேன். போன தடவ பூசுன கால்ல இருந்து எடுத்துக் குடுத்து, சவுக்காரம் பட்டு எல்லாம் செத்துப்போச்சுன்னு ஏசுனா.”

“டாக்டருக்குப் படிச்சாலும் பரவால்ல. அட்டையப் படிச்சு என்னக்கா ஆகப் போவுது?”

அம்மாவின் குரல் உயர்ந்தது.

“ஏன், டாக்டராகாட்டி படிக்கக் கூடாதா? இத்துனூண்டு புழு, நாம வர்றத எப்படிக் கண்டுபிடிக்குது? குடிச்ச ரத்தத்த மாசக்கணக்கா எப்படி வயித்துல கெடாம வச்சிக்குது? படிச்ச பெரிய ஆளுங்களே இதுக்கு மண்டைய ஒடச்சுக்கிறாங்களாம். எங்கம்மாவும் அட்டைக்கு ரத்தம் குடுத்தாங்க, நானும் குடுத்தேன். எப்படின்னு ஒருத்தரும் கேக்கல. அவ கேட்டா. யாரு சிரிச்சாலும் நான் புடிச்சுக் குடுப்பேன்.”

 சற்று நேரத்தில் காலில் ஏதோ பிசுபிசுக்க, குனிந்து சேலையை விலக்கிப் பார்த்த பக்கத்துப் பெண் அலறினார். கணுக்காலில் தடித்த அட்டை ஒன்று.

“எப்ப ஏறுச்சுன்னே தெரியலையே! கொஞ்சங்கூட வலிக்கலையேக்கா, எப்படி?”

“அதையுந்தான் என் மக படிக்கிறா” என்றபடி அந்த அம்மா போத்தல் மூடியைத் திருகித் திறந்தார்.