ரோசிலி வராத துறை

பாத்து எறங்கு, செக்ரட்டரி சாரே. படியெல்லாம் பாசி. ரோசிலி வந்துட்டிருந்த காலத்துல இந்தக் கல்லுல பாசி ஒட்ட நேரமே கிடைக்காது. உக்காரு. கட்டன் சாயாதான். பால் இருந்தாலும் படகு சங்கத்துக்காரனுக்கு ஊத்தமாட்டேன்.

என்னது, மாடி வச்ச ரோசிலி படகுக்கு நாளைக்கு நான் ரிப்பன் வெட்டணுமா? ஊருல வேற கை இல்லையா?

நீ பொறக்கறதுக்கு முன்னால இந்த வாய்க்கால்கரை வீட்டுக்காரங்க தேங்கா வித்து வாங்கின படகுய்யா அது. நோயாளிய ஆலப்புழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. லாபத்துல ஒருத்தனும் பங்கு கேக்கக்கூடாது, அத்தனையும் படகுக்கேன்னு மாதா முன்னால சத்தியம் பண்ணோம். ஒருத்தனும் மீறல. அதான் வினை.

மொத லாபத்துல கூரை. அடுத்து பெரிய எஞ்சின். அது போட்ட சத்தத்துல அக்கரை வாத்தெல்லாம் ஒரு மாசம் முன்னாடியே முட்டை போட்டுச்சு. பெயின்ட் அடிச்சோம் பாரு, அதுல மூஞ்சி பாக்க வந்த கரிமீன துண்டாலயே அள்ளினோம். சிரிக்காத, உன் அப்பன் வர்க்கியும் தின்னவன்தான். அப்புறம் மெத்தை சீட்டு. டூரிஸ்ட்டு. அகலமாக்கு, இன்னும் அகலமாக்கு. ஒருநாள் வாய்க்காலுக்குள்ள திரும்புறப்போ ரெண்டு கரையிலயும் இடிச்சு நின்னுடுச்சு.

வாய்க்கால அகலமா வெட்டுங்கடான்னேன். லாபம் படகுக்குத்தான் சாக்கோச்சா, வாய்க்காலுக்கு இல்ல, மாதாவுக்குக் குடுத்த வாக்குன்னான் உன் அப்பன். அன்னையிலேர்ந்து படகு பெரிய ஆத்தோட சரி, இந்தத் துறைக்கு வரல.

ஏலியம்மாவா? என் பொண்டாட்டியப் பத்திக் கேக்கமாட்டியோன்னு நெனச்சேன். ஓணத்துக்கு முந்தின வாரம் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. தோணியில படுக்க வச்சு நான்தான் கழி ஊணினேன். வாய்க்கால் முனையில உங்க படகு பளபளன்னு குறுக்க போச்சு. கத்தினேன். உள்ள பாட்டும் கூத்தும், எவன் காதுல விழும்? அலை அடிச்சதுல தோணி ஆடுச்சு. அவ தலையத் தூக்கி, படகுல எழுதின பேரப் பாத்தா. நம்ம பொண்ணு எம்புட்டு வளந்துட்டா பாருங்கன்னா. அதோட பேச்சு நின்னுபோச்சு.

எந்தப் பொண்ணா? உன் அப்பன் சொல்லலையா? ரோசிலி எங்க மகடா. ஏழு வயசு. பாம்பு கடிச்சு, நீ உக்காந்திருக்க அதே படியில படகுக்குக் காத்துக் கிடந்தா. அவ போன பிறகுதான் எல்லாரும் சேந்து அவ பேருல படகே வாங்கினது.

குடி, சாயா ஆறுது. ரிப்பன்தானே? அவளையே இங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. வரேன்.